வயிற்றில் குடியிருப்பவரை விரட்டலாமா? மார்ட்டின் பிளேசரின் 'மிஸ்ஸிங் மைக்ரோப்ஸ்' பற்றி

மார்ட்டின் பிளேசர் எழுதிய 'மிஸ்ஸிங் மைக்ரோப்ஸ்' 2014-ல் வெளியானது. நம் உடம்பில் காலங்காலமாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ஆன்டிபயாட்டிக்குகளாலும் நவீன வாழ்க்கை முறையாலும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகின்றன. ஆஸ்துமா, அலர்ஜி, உடல் பருமன், சிறுவயதுச் சர்க்கரை நோய் எல்லாம் பெருகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இதுதான் புத்தகத்தின் வாதம். வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கு யூடியூபில் 'குடல் நலம்' பேசுகிற யாரைக் கேட்டாலும் இந்தப் புத்தகத்தின் வாசனை கொஞ்சம் அடிக்கும். நாலு கை மாறி வந்ததால் ஓரமெல்லாம் தேய்ந்து, "நல்ல பாக்டீரியாவைக் கொன்னுட்டோம், அதான் இவ்வளவு நோய்" என்ற ஒரு வரியாகச் சுருங்கிப் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒரு வரி புத்தகத்துக்கு நியாயம் செய்யவில்லை. ஆனா அப்படிச் சுருங்குவதற்குப் புத்தகமே கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது என்பது என் கருத்து. நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால் "எது காரணம்?" என்று தேடுவது என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடுதான் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். உடலில் குடியிருக்கும் கிருமி எப்படி நோய்க்குக் காரணமாகிறது, எப்போது ஆகிறது என்ற கேள்வியில் பிளேசர் பிடித்த மையக் கருத்து அருமையானது. ஆனா அதை அவரே கடைசிவரை பின்பற்றவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு சுருள் கிருமியின் கதை

புத்தகத்தில் பல கிருமிகள் வந்து போகின்றன. கதாநாயகன் ஒன்றுதான்: ஹெலிகோபேக்டர் பைலோரி. இனி சுருக்கமாகப் பைலோரி.

இரைப்பையில் ஊறும் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், இரைப்பையிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கிப் போடும் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. மெதுவாக வளரும் ஜாதி அது, அவ்வளவுதான். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

எல்லோரும் சொல்லும் கதை இது. இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மார்ஷலுக்கு வந்தது அழற்சி, அல்சர் வரவில்லை.

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியை வைத்து யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அது தன்னைச் சுற்றி இருக்கும் அமிலத்தைத் தணித்துவிடும். பிறகு வால் போன்ற இழைகளால் நீந்தி, இரைப்பையை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் இருக்கும். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இது இருக்கிறது என்பது பல வருஷமாகச் சொல்லப்படும் கணக்கு. மரபணு ஒப்பீடுகளின்படி, சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே இதுவும் கூடவே கிளம்பியிருக்கிறது. அதாவது நேற்று வந்த திருடன் இல்லை, பரம்பரையாகக் குடியிருப்பவர்.

இந்தப் பரம்பரைக் குடித்தனக்காரர் என்ன செய்கிறார்? வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் இரைப்பை அழற்சி இருக்கும்; பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 10 முதல் 20 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அல்சர் வரலாம். 1 அல்லது 2 சதவீதம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய். சதவீதம் சின்னதாகத் தெரிகிறது. ஆனா உலக ஜனத்தொகையில் பாதியின் 1 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ல் பைலோரியை முதல் பிரிவுப் புற்றுக்காரணிகளில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

பிளேசர் வெளியாள் இல்லை

"பைலோரி ரொம்பக் கெட்டது இல்லை" என்று சொல்பவர் யாரோ இயற்கை வைத்திய ஆர்வலர் என்று நினைத்துவிட வேண்டாம். பைலோரி புற்றுநோயை உண்டாக்கும் என்று நிறுவியவர்களில் ஒருவரே பிளேசர்தான்.

1991-ல் வந்த ஹவாய் ஆய்வைப் பாருங்கள். அங்கே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 1967-க்கும் 1970-க்கும் இடையில் ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தார்கள். பின்னாளில் அவர்களில் 109 பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. பழைய ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால், புற்று வந்தவர்களில் 94 சதவீதம் பேரிடம் பைலோரிக்கு எதிரான ஆன்டிபாடி. புற்று வராத, அதே வயது ஆட்களில் 76 சதவீதம்.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். எங்கள் தொழிலில் சர்வர் விழுந்த பிறகு எழுதிய லாகை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விழுவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பு உறைய வைத்த ரத்தம் அப்படிப்பட்ட லாக். கிருமி முதலில், நோய் பின்னால். வரிசை தெளிவு.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 76. புற்று வராதவர்களிலும் முக்கால்வாசிப் பேரிடம் கிருமி இருந்திருக்கிறது. அதாவது கிருமி இருப்பது மட்டும் காரணமாகப் போதாது. ஒரே கிருமி, ஒரே ஊர், ஒருத்தருக்குப் புற்று, மூணு பேருக்கு ஒன்றும் இல்லை. ஏன்?

இருபக்க உறவு

இந்த இடத்தில்தான் பிளேசர் ஒரு பழைய சொல்லைத் தூசி தட்டி எடுக்கிறார்: ஆம்ஃபிபயோசிஸ். தியோடர் ரோஸ்பரி என்ற நுண்ணுயிரியலாளர் 1960-களில் உண்டாக்கிய சொல். இரண்டு உயிர்களின் உறவு ஒரு சூழலில் நன்மையாகவும் இன்னொரு சூழலில் தீமையாகவும் இருக்கலாம் என்பது அதன் பொருள். நண்பன், எதிரி என்று நிரந்தரப் பட்டம் கிடையாது.

நம் வாய்க்குள்ளேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் எல்லோர் வாயிலும் உண்டு. அங்கே இருக்கும்வரை தொந்தரவு இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு மோசமான கிருமிகள் குடியேறாமல் பார்த்துக்கொள்ளவும் செய்யும். பல் பிடுங்கும்போது அதே பாக்டீரியா ரத்தத்துக்குள் போகும். பெரும்பாலோருக்கு அதுவும் பிரச்சினை இல்லை, உடம்பு பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே இதய வால்வு பழுதடைந்தவருக்கு மட்டும் அது வால்வில் ஒட்டி வளர்ந்து, உயிரையே பறிக்கக்கூடிய நோயாக மாறலாம். செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அதனால்தான். கிருமி மாறவில்லை. இடம் மாறியது, வீட்டுக்காரர் நிலைமை வேறு. நல்லவன் கெட்டவன் ஆனது அப்படித்தான்.

இதுதான் புத்தகத்தின் ஆகச் சிறந்த கருத்து. குடியிருக்கும் கிருமியைப் பற்றி "இது நல்லதா கெட்டதா?" என்று கேட்பதே பிழையான கேள்வி. எந்த ரகம், எந்த இடத்தில், எந்த வயதில், யார் உடம்பில் என்று நாலும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

பைலோரி விஷயத்தில் இந்த நாலு கேள்விக்கும் நல்ல பதில்கள் கிடைத்திருக்கின்றன. ரகம் முக்கியம்: 'கேக்-ஏ' என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல நம் செல்லுக்குள் செலுத்தும் ரகங்கள் ஆபத்து கூடியவை. இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததிலும் பிளேசர் குழுவுக்குப் பங்கு உண்டு. இடமும் முக்கியம்: அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மையம் கொண்டால் அமிலம் கூடும், சிறுகுடல் தொடக்கத்தில் புண் வரும். மேல்பகுதி முழுக்கப் பரவினால் அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்து அமிலம் குறையும். புற்றுக்குப் போகும் பாதை அது. 2001-ல் ஜப்பானில் உவெமுரா குழு வெளியிட்ட ஆய்வில், பைலோரி இருந்த 1,246 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 36 பேருக்கு இரைப்பைப் புற்று. பைலோரி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: பைலோரி இருந்து சிறுகுடல் புண் வந்தவர்களில் ஒருவருக்கும் புற்று வரவில்லை. ஒரே கிருமிதான், ஒரு நோய்க்குப் போகும் பாதையில் இன்னொரு நோய் அரிது.

நாலாவது கேள்வி, யார் உடம்பில்? கொலம்பியா நாட்டில் பசிபிக் கடற்கரை ஊரான தூமாகோவிலும், ஆண்டீஸ் மலையில் இருக்கும் தூகெரெஸிலும் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேரிடம் பைலோரி உண்டு. ஆனா மலையூரில் இரைப்பைப் புற்று கடற்கரையைவிட ஏறக்குறைய 25 மடங்கு அதிகம். 2014-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டிய விஷயம் சுவாரஸ்யமானது. கடற்கரைக்காரர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி, மலைக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி. ஆப்பிரிக்க வம்சாவளிக் கிருமி ஆப்பிரிக்க வம்சாவளி உடம்பில் இருந்தால் சேதம் குறைவு. அதே கிருமி பூர்வகுடி உடம்பில் இருந்தால் சேதம் அதிகம். ரொம்ப காலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். உப்பு, உணவு, புகை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனா கிருமியின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் எதுவும் தெரிந்ததாகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

இந்தியாவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நம் நாட்டில் பைலோரி மிகப் பரவலாக இருந்தும், ஜப்பான், சீனாவோடு ஒப்பிட்டால் இரைப்பைப் புற்று குறைவு. ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு புதிராகவே பேசுகிறார்கள். நாட்டுக்குள்ளேயும் ஒரே மாதிரி இல்லை. மிசோரமில் மிக அதிகம். பெருநகரங்களில் சென்னை, வட இந்திய நகரங்களைவிட மேலே.

எங்கே சறுக்குகிறது?

இவ்வளவு நுணுக்கமான கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பைலோரியின் 'நல்ல பக்கம்' பற்றிப் பேச ஆரம்பித்ததும் பிளேசரின் குரல் மாறிவிடுகிறது. விஞ்ஞானி பின்னால் போய் வக்கீல் முன்னால் வருகிறார். பைலோரி மறைந்ததால் மூன்று கெடுதல்கள் என்கிறார்: நெஞ்சு கரிப்பு, உணவுக்குழாய்ப் புற்று, குழந்தைப் பருவ ஆஸ்துமா. ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலில் நெஞ்சு கரிப்பு. 1997-ல் ஜெர்மனியில் லாபென்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், பைலோரி நீங்கிய அல்சர் நோயாளிகளில் 25.8 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் உணவுக்குழாய் அழற்சி, நீங்காதவர்களில் 12.9 சதவீதம். இரட்டிப்பு! ஆனா இது, மருந்து வேலை செய்தவர்களையும் வேலை செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. அப்படிக் குலுக்கிப் பிரித்த ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் பிரிஸ்டலில் நடந்தது. 10,537 பேரைப் பரிசோதித்து, பைலோரி இருந்தவர்களில் 1,558 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ மருந்து, மறுபாதிக்கு வெறும் மாத்திரை. பைலோரியை நீக்கியதால் நெஞ்சு கரிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த முடிவு வந்தது 2004-ல். புத்தகத்துக்குப் பத்து வருஷம் முன்னால். புத்தகத்தைப் படித்து முடிக்கும் வாசகர் மனதில் இந்த முடிவின் எடை தங்குவதே இல்லை. அதுதான் என் குறை.

இரண்டாவது, உணவுக்குழாய்ப் புற்று. இதில் ஒரு குறிப்பிட்ட வகைப் புற்று பைலோரி இருப்பவர்களிடம் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சும்மா ஒதுக்கிவிட முடியாது. அமிலம் குறைந்தால் மேலே ஏறும் அமிலமும் குறையும் என்ற விளக்கமும் பொருந்துகிறது. ஆனா "இருப்பவர்களிடம் குறைவு" என்பதும் "நீக்கினால் கூடும்" என்பதும் ஒன்றல்ல. புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து, 2024-ல் ஐந்து நார்டிக் நாடுகளின் ஆய்வு வந்தது. பைலோரிக்கு மருந்து எடுத்த 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்ததில், அந்தப் புற்று பொது மக்களைவிட அவர்களிடம் கூடவில்லை. வருஷம் போகப் போக ஏறவும் இல்லை. 2014-ல் எழுதியவர் இதைத் தெரிந்திருக்க முடியாது, அது அவர் குற்றமில்லை. ஆனா தெரியாத இடத்தில் காட்டிய உறுதி அவருடையதுதான்.

மூன்றாவது ஆஸ்துமா. மூன்றில் வலுவானது இதுதான். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின் டேட்டாவில், பைலோரி இருப்பவர்களிடம் சிறுவயது ஆஸ்துமா குறைவாக இருந்ததைப் பிளேசரும் அவர் சக ஆய்வாளரும் காட்டினார்கள். சூரிக்கில் ஆனே மியூலர் குழு 2011-ல் எலிகளில் செய்த சோதனை அதற்கு ஒரு இயங்குமுறையும் கொடுத்தது: பிறந்தவுடன் பைலோரி தொற்றிய எலிக்குட்டிகளுக்கு ஆஸ்துமா போன்ற நிலையைத் தூண்டினால் எளிதில் வருவதில்லை. கிருமி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நம் நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் செல்களை வளர்க்கிறது. அதன் உபரிப் பலனாக அலர்ஜியும் அடங்குகிறது. அழகான விளக்கம்.

ஆனா மனிதர்களில்? பைலோரி இல்லாத குழந்தை யார் என்று யோசியுங்கள். சின்னக் குடும்பம், சுத்தமான தண்ணீர், தனி அறை, காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக். பைலோரி இல்லாதது இவ்வளவுக்கும் ஒரு அடையாளச் சீட்டு மாதிரி. ஆஸ்துமாவுக்குக் காரணம் பைலோரி போனதா, இல்லை அதைப் போகவைத்த வாழ்க்கையா? ஆய்வாளர்கள் புள்ளியியலில் சிலவற்றைக் கழித்துப் பார்க்கிறார்கள்தான். எல்லாவற்றையும் கழிக்க முடியாது. எங்கள் ஆபீசில் யாராவது "புது வெர்ஷன் போட்ட அன்னிக்குத்தான் சர்வர் மெதுவாச்சு" என்றால் முதல் கேள்வி, "அன்னிக்கு வேற என்னெல்லாம் மாத்தினீங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியைப் புத்தகம் போதுமான அளவு அழுத்திக் கேட்கவில்லை.

தராசு சமமாக இல்லை

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் லின்சூ வட்டாரம் இரைப்பைப் புற்று மிக அதிகமுள்ள இடம். 1995-ல் பைலோரி இருந்த 2,258 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வாரம் மட்டும் மருந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 15 வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் 3.0 சதவீதம் பேருக்கு இரைப்பைப் புற்று, எடுக்காதவர்களில் 4.6 சதவீதம். அதுபோல இரைப்பையில் வரும் 'மால்ட் லிம்ஃபோமா' என்ற புற்று, ஆரம்ப நிலையில், பைலோரியை நீக்கினாலே பலருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கும் புற்றுநோய்! காரணத்தை எடுத்தால் விளைவு போகிறது. காரணத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆக ஒரு பக்கம், தலையிட்டுப் பார்த்து நிரூபித்த தீமை. இன்னொரு பக்கம், கணக்கெடுப்பிலிருந்தும் எலியிலிருந்தும் ஊகித்த நன்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "இரண்டு முகம்" என்று சொல்வது பார்க்கச் சமநிலை மாதிரி இருக்கும், எடை வேறு. ரோஸ்பரியின் சொல், இரண்டு பக்கமும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. இரண்டும் சம எடை என்று சொல்லவில்லை.

நியாயத்துக்கு லின்சூ எண்ணையும் ஒழுங்காகப் படித்துவிடுவோம். 100 பேருக்கு 1.6 பேர் குறைவு. அதாவது 60-க்கும் கொஞ்சம் கூடுதலானவர்களுக்கு மருந்து கொடுத்தால், 15 வருஷத்தில் ஒருவர் தப்பிக்கிறார். அதுவும் புற்று மிக அதிகமான ஊரில். புற்று குறைவான ஊரில் அந்த 60 என்பது பல நூறாகலாம். மீதிப் பேருக்கு மருந்தின் விலை மட்டும்தான் மிச்சம். அந்த விலையைப் பற்றிப் பேசும்போதுதான் பிளேசர் மறுபடியும் எழுந்து நிற்கிறார்.

அவர் ஜெயிக்கும் இடம்

பைலோரி சிகிச்சை என்றால் குறைந்தது இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும், பெரும்பாலும் 14 நாள். வயிற்றில் இருக்கும் ஒருத்தரை விரட்ட, கீழே குடல் முழுக்கக் குடியிருக்கும் அத்தனை பேர் மேலும் அடி விழும். புத்தகத்தின் பிற்பாதி இதைப் பற்றியது, அங்கே ஆதாரம் இன்னும் கெட்டி. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் 1940-களின் இறுதியிலிருந்து உண்டு. அதைப் பிளேசர் ஆய்வகம் எலிக்குட்டிகளில் செய்து பார்த்தது. பிறந்ததும் கொஞ்ச நாள் மட்டும் பெனிசிலின் கொடுத்து நிறுத்திவிட்டாலும், பெரிதானபின் கொழுப்பு கூடியது. அந்த எலிகளின் குடல் கிருமிகளை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த வேறு எலிகளுக்குக் கொடுத்தால் அவற்றுக்கும் கொழுப்பு கூடியது. மருந்து நேரடியாகச் செய்யவில்லை; மாறிப்போன குடியிருப்போர் கூட்டம் செய்தது. இங்கே தலையீடு இருக்கிறது, வரிசை இருக்கிறது, இயங்குமுறையின் பக்கம் கை காட்டவும் முடிகிறது. எலி மனிதன் இல்லை என்ற ஒரே நிபந்தனையோடு, இது ஒழுங்கான வாதம்.

சரி, மாத்திரை சாப்பிடணுமா?

இந்த விவாதம் புத்தக அலமாரியோடு நிற்பதில்லை. எங்கள் சித்தப்பா ஒருநாள் போனில் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கு எண்டோஸ்கோப்பில புண்ணு, பைலோரி பாசிட்டிவ்னு வந்திருக்கு. ரெண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதியிருக்காங்க. ஆனா அது நல்ல கிருமி, விரட்டக் கூடாதுன்னு வீடியோல சொல்றாங்களே?" அந்த வீடியோவைப் பார்த்தேன். பிளேசரின் வாதம்தான், நிபந்தனைகள் எல்லாம் உதிர்ந்த நிலையில். அல்சர் வந்தவருக்குப் பைலோரியை நீக்க வேண்டும் என்பதில் பிளேசருக்கே மறுப்பு கிடையாது. "சித்தப்பா, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஒரு வேளைகூட விடாம சாப்பிடுங்க, முடிஞ்சதும் கிருமி போயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றேன். பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். பைலோரிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், இந்தியாவில் ஏற்கெனவே பல இடங்களில் எடுபடாமல் போய்க்கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதன் பலன் அதிலும் உண்டு.

மருத்துவ வழிகாட்டுதல்களைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். 2015-ல் வெளியான கியோட்டோ அறிக்கை, பைலோரி உள்ள பெரியவர்களுக்கு, தடுக்கும் காரணம் ஏதும் இல்லாவிட்டால் சிகிச்சை தரலாம் என்கிறது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை மருத்துவர் சங்கங்கள் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, குழந்தைகளுக்குத் தேடித் தேடிப் பரிசோதித்து மருந்து கொடுக்கும் முறை வேண்டாம் என்கிறது. ஒரே கிருமி, 50 வயதில் ஒரு முடிவு, 8 வயதில் வேறு முடிவு. சத்தமில்லாமல் இது ஆம்ஃபிபயோசிஸ்தான். வயதும் உடம்பும் மாறினால் கணக்கு மாறும் என்று மருத்துவமே ஒப்புக்கொள்கிறது.

பிளேசர் இதிலிருந்து ஒரு படி தாண்டுகிறார். வருங்காலத்தில் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே பைலோரியைக் கொடுத்து, நடுவயதில் நீக்கிவிடலாம் என்ற யோசனையை வைக்கிறார். அவர் தர்க்கப்படி அது சரியாகக்கூட வரும்: சின்ன வயதில் ஆஸ்துமாவிலிருந்து காப்பு, பெரிய வயதில் புற்றிலிருந்து காப்பு. ஆனா நல்ல பாதி இன்னும் நிரூபணமாகவில்லை, கெட்ட பாதி நிரூபணமாகிவிட்டது. விரட்டும் மருந்துக்கும் வருஷத்துக்கு வருஷம் பலம் குறைகிறது. இந்த நிலைமையில் புற்றுக்காரணிப் பட்டியலில் உள்ள ஒன்றைக் குழந்தை வாயில் வைப்பது, டெஸ்ட் பண்ணாத கோடை நேரே புரொடக்ஷனில் ஏற்றுவதைவிட மோசம். அங்கே பழைய வெர்ஷனுக்குத் திரும்பவாவது வழி இருக்கும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வேன். குடியிருக்கும் கிருமிகளைப் பற்றி யோசிக்கச் சரியான சொல்லை அது கொடுக்கிறது. அந்தச் சொல்லை வைத்தே புத்தகத்தையும் அளக்கலாம். அடுத்த முறை "இந்தக் குடல் கிருமியால்தான் இந்த நோய்" என்றோ, "இந்தக் கிருமி போனதால்தான் இந்த நோய்" என்றோ செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கிருமி முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா? அதை எடுத்துப் பார்த்தார்களா, இல்லை எண்ணி மட்டும் பார்த்தார்களா? எந்த ரகம், யார் உடம்பில், எந்த வயதில்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கவனமாகப் படியுங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லாமல், கடைசியில் ஒரு டப்பா புரோபயாட்டிக்குக்கு விலை மட்டும் சொன்னால், அந்தக் காசுக்கு வீட்டில் தயிர் உறை ஊற்றிக்கொள்ளலாம்.